செபமாலைப் பையில் சர்க்கரை

எம் அன்னையாருக்கு நீரிழிவு நோய் கண்டு 12 ஆண்டுகள் ஆகின்றன. காலையில் ஒரு கிளிமெப்பிரைடு மாத்திரை, வேளை தவறாத அளவான உணவு: இவ்வளவே அவரது மருத்துவம். ஆயினும் பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருப்பதை அவர் விட்டதில்லை. 66 வயதிலும் அம்மா ஒருசந்தி காக்கிறாரே என்று நாங்களும் பெருமை கொண்டிருந்தோம்.

சென்ற ஆண்டு பெரிய வெள்ளியன்று காலையில் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினார். உணவை மட்டும் விலக்கினார். சிலுவைப் பாதையில் வெயிலில் நடந்து நண்பகலில் வீடு திரும்பியபோது, அவர் உடல் வியர்வையில் நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. ஒருநாளும் கடிந்து பேசாதவர் பேரனிடம் எரிந்து விழுந்தார். வெயிலின் களைப்பு என்றெண்ணிப் படுக்க வைத்தோம். அதுவே நாங்கள் செய்த பெரும் பிழை.

அரை மணி கழித்து எழுப்பியபோது, எங்களை அடையாளம் தெரியாமல் விழித்தார். அடுத்த வீட்டில் வாழும் செவிலியர் அம்மையார் ஓடி வந்து, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தார். கருவி 42 என்று காட்டியது. 70க்குக் கீழே இறங்கினாலே உடனே கவனிக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அம்மாவால் விழுங்க முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, போதாதென்று மறுமுறையும் கொடுத்தார். அம்மா கண் தெளிந்து, “மூன்று மணி வழிபாட்டுக்குப் புறப்படவில்லையா?” என்று கேட்டபோது எங்கள் கண்கள் கலங்கின.

சிறிது உணவு கொடுத்தபின்பும் அந்த அம்மையார் எங்களை விடவில்லை. இவ்வகை மாத்திரை நெடுநேரம் வேலை செய்யும், ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கலாம் என்று கூறி மருத்துவமனைக்கு அனுப்பினார். அவர் கூறியவாறே இரவில் மீண்டும் இறங்கியது. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

உங்கள் இல்லத்திலும் இன்சுலினோ இத்தகைய மாத்திரையோ கொள்பவர் இருப்பின், இதை மனத்தில் வையுங்கள். திடீர் வியர்வை, நடுக்கம், கடும்பசி, காரணமற்ற கோபம், தடுமாறும் பேச்சு ஆகியவை தோன்றினால், கருவி இல்லையென்று காத்திராமல் சர்க்கரை கொடுங்கள். நினைவிழந்தவர் வாயிலோ எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் புகுந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள்.

அம்மாவைக் காண வந்த பங்குத் தந்தை, 59 வயது நிறைந்தோரை ஒருசந்திச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றும், நோயாளருக்கு எவ்வயதிலும் விலக்கு உண்டு என்றும் எடுத்துரைத்தார். நாங்கள் முன்பே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இவ்வாண்டுத் தவக்காலத்தில் அம்மா வேளை தவறாது உண்டார். தமக்கு மிகவும் விருப்பமான வெற்றிலையை நாற்பது நாளும் துறந்தார். அவரது செபமாலைப் பையில் இப்போது ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையும் இருக்கிறது.