டீக்கடையிலிருந்து தொடங்கியது

சிகரெட்டை நிறுத்தியவர்களிடம் எல்லோரும் மன உறுதியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கைகொடுத்தது, அன்றாட வழக்கத்தை மாற்றிக்கொண்டதுதான்.

சிகரெட் தனியாக வருவதில்லை. காலை டீயோடு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, "வாங்க, ஒரு தம் போட்டுட்டு வரலாம்" என்று நண்பர் கூப்பிட்டால் ஒன்று. அந்த வேளைகளை அப்படியே விட்டுவைத்து சிகரெட்டை மட்டும் விலக்கினால், நேரம் தவறாமல் உடம்பு அதைக் கேட்கும்.

முதலில் டீக்கடையை விட்டேன். பக்கத்திலேயே பெட்டிக்கடை, அங்கே தொங்கும் கயிற்றின் நுனியில் எந்நேரமும் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். அங்கே நின்று வெறும் டீ குடிக்க என்னால் ஆகாது. வீட்டிலேயே டீ என்றானது, அளவையும் குறைத்தேன். சிகரெட் புகை, காஃபீனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். பழைய கணக்கிலேயே டீயும் காபியும் குடித்தால் படபடப்பு வரும், தூக்கம் கெடும். சிகரெட் இல்லாததால்தான் இந்தப் பாடு என்று எண்ணி மறுபடி பற்றவைக்கத் தோன்றும்.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு நடை என்று வைத்துக்கொண்டேன். புகைக்கும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். வேகமாக நடப்பது அந்த நிமிடங்களைக் கடத்த உதவும். வாய்க்குக் கிராம்பும் சோம்பும். நிறுத்திய பின் நாக்குக்கு ருசி திரும்பும், பசியும் கூடும், எடை சில கிலோ ஏறலாம். முறுக்கு, மிக்சருக்குப் பதிலாக வெள்ளரியும் கொய்யாவும் கையில் இருப்பது நல்லது. மது அருந்தும் கூட்டங்களைக் கொஞ்ச காலமாவது தவிர்த்தே ஆக வேண்டும்.

முதல் 3 நாட்கள்தான் கடுமை. எரிச்சலும் கோபமும் வரும் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவைப்பது உதவும். 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் மேல் துணை தேவையென்றால் மருத்துவரைப் பாருங்கள். நிகோட்டின் சூயிங்கமும் மருந்துகளும் இருக்கின்றன. 1800-112-356 என்ற தேசிய உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது. ஓராண்டு தாண்டினால், சிகரெட்டால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

நிறுத்த நினைப்பவர்களே, நாள் குறிப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். எந்தெந்த வேளையில், யாரோடு, எங்கே நின்று புகைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நேரத்தில் வேறென்ன செய்வீர்கள் என்பதையும் எழுதிவிட்டு நாளைக் குறியுங்கள்.