மின் மிதிவண்டியில் ஒரு நாள்

"ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்" என்பது பழமொழி. எங்கள் வீட்டில் மிதிவண்டிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். ஏறச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம். இறங்கச் சொன்னால் மாமாவுக்குக் கோபம். நடுவில் நின்று விழிப்பவள் நான்!

காரணம், எனக்குச் சிறு வயது முதலே இளைப்பு நோய் உண்டு. மார்கழிப் பனியும் சாக்குக்கட்டித் தூளும் வேக ஓட்டமும் எனக்கு ஆகா. ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அம்மா உடற்பயிற்சி ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். விளையாட்டு விழாவன்று தோழியர் அனைவரும் ஓடுவார்கள். நானோ அவர்களுடைய கைக்கடிகாரங்களையும் தண்ணீர்ப் புட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்பேன். என் புத்தகப் பையைக்கூட அம்மாதான் பள்ளி வாயில் வரை சுமந்து வருவார்கள்.

சென்ற மே மாதம், கோவையில் மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் என் மாமா வீட்டுக்கு வந்தார். அவருடைய கடைக்கு ஒரு புதுவித வண்டி வந்திருந்தது. மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட, எடை குறைந்த மின் மிதிவண்டி அது. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, அதன் நிறை குறைகளை அவர் சொல்ல வேண்டுமாம்.

"இதுவரைக்கும் ஓட்டினவங்க எல்லாம் எழுபது கிலோ, எண்பது கிலோ ஆளுங்க. நாற்பது கிலோ ஆள் ஓட்டினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். நீ வா கண்ணு" என்றார் மாமா.

அம்மா உடனே மறுத்துவிட்டார்கள். மாமா விடவில்லை. என்னைப் பார்க்கும் மருத்துவரிடமே அழைத்துச் சென்று கேட்டார். "மெதுவாக ஓட்டட்டும். இன்ஹேலர் கையோடு இருக்கட்டும். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும்" என்றார் அவர். அம்மா அரை மனத்தோடு சம்மதித்தார்கள்.

உடன் வந்த பெரியம்மா மகன், கல்லூரியில் படிக்கும் அண்ணன், "இவ ஓட்டி என்னத்தச் சொல்லிடப் போறா?" என்று சிரித்தான். அதற்கு மாமா ஒரு கதை சொன்னார். கதையன்று, வரலாறு. கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியர் மோட்டார் வண்டியைச் செய்து வைத்திருந்தும் அது பலருடைய நம்பிக்கையைப் பெறவில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, தம் இரு மகன்களோடு அந்த வண்டியை மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்! எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மேடு வந்தபோது வண்டி ஏற மறுத்தது. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. "ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லத் தெரிஞ்சவங்க யாரா இருந்தா என்ன?" என்று மாமா கேட்டார். அண்ணன் வாயடைத்துப் போனான். என் உள்ளம் துள்ளியது.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றிப் போகக் கூடாது. ஆகவே மாமாவின் நண்பர் ஒருவருடைய தேயிலைத் தோட்டத்திலேயே ஓட்டுவதாக ஏற்பாடு. கொழுந்து எடை போடும் கொட்டகையிலிருந்து ஒரு மண் பாதை வளைந்து வளைந்து கீழே ஓடைப் பாலத்துக்கு இறங்குகிறது. நீளம் இரண்டரைக் கிலோமீட்டர். இறக்கம் ஏறத்தாழ 200 மீட்டர். கல்லும் வேரும் சரளையும் நிறைந்த பாதை அது. இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதுதான் சோதனை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பார்ப்பதற்குச் சாதாரண மிதிவண்டி போலத்தான் இருந்தது. மின்கலம் சட்டத்தின் கீழ்க்குழாய்க்குள் மறைந்திருந்தது. மோட்டார் பெடல் அச்சின் நடுவே இருந்தது. இவ்வகை வண்டிகளில் வலிமை மிகுந்தவை 22 முதல் 25 கிலோ வரை எடை இருக்குமாம். மோட்டாரும் பெரிது, மின்கலமும் பெரிது. நான் ஓட்டியதோ 17 கிலோதான். மோட்டாரின் வலு குறைவு. மின்கலமும் 360 வாட்-மணி மட்டுமே. "அப்படியானால் இது மட்டமான வண்டியா மாமா?" என்று கேட்டேன். "சாயங்காலம் நீயே சொல்லு" என்றார்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இது மோட்டார் சைக்கிள் போலக் கையால் முறுக்கினால் ஓடாது. பெடலில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை உள்ளே ஒரு கருவி அளக்கிறது. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற அளவில்தான் மோட்டார் கைகொடுக்கிறது. நாம் மிதிக்காவிட்டால் அதுவும் சும்மா இருந்துவிடும். உதவியில் மூன்று நிலைகள்: குறைவு, நடு, மிகுதி. இடது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி மாற்றலாம்.

காலையில் மாமாவும் அண்ணனும் மாறி மாறி ஓட்டினார்கள். பிற்பகலில்தான் என் முறை வந்தது. அப்போது மின்கலத்தின் பத்து விளக்குகளில் மூன்றே எரிந்துகொண்டிருந்தன. "போதும் கண்ணு. குறைந்த நிலையில போனா தாராளம்" என்றார் மாமா. என் எடை 43 கிலோ என்பதால் முன்கவையிலும் பின்பக்க அதிர்வுதாங்கியிலும் இருந்த காற்றைக் குறைத்தார். இல்லாவிட்டால் அவை அமுங்காமல் விறைத்து நிற்குமாம். என் சிறிய விரல்களுக்கு எட்டும்படி பிரேக் பிடிகளை உள்ளே தள்ளி வைத்தார். தலைக்கவசமும் முழங்கால் கவசமும் மாட்டிவிட்டு, "கல்லைப் பார்க்காதே, போற வழியைப் பார். கண் போற இடத்துக்குத்தான் சக்கரமும் போகும்" என்றார். பிறகு, "ஏறும்போது உன் பேரு, வகுப்பு, பள்ளிக்கூடம் மூணையும் ஒரே மூச்சுல சொல்லிப் பார். சொல்ல முடிஞ்சா மிதி. முடியலைன்னா நில்" என்றார்.

முதல் சுற்றில் அவரும் சாதாரண மிதிவண்டியில் என் பின்னாலேயே வந்தார். இருக்கையைத் தாழ்த்தி, பெடல்களில் எழுந்து நின்று, இரண்டு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்தபடி இறங்கினேன். சரளைக்கல் சடசடத்தது. தேயிலைச் செடிகள் இருபுறமும் பச்சைக் கம்பளமாய் ஓடின. பாலத்தில் திரும்பி ஏறத் தொடங்கினேன். என்ன வியப்பு! யாரோ பின்னால் நின்று முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுவது போல் இருந்தது. பேர், வகுப்பு, பள்ளி மூன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நடுவில் ஒருமுறைதான் நின்றேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "யாருகிட்ட பேசிக்கிட்டே போற பாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மேட்டை என் காலால் ஏறியிருந்தேன்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொட்டகையில் நின்ற அண்ணன், "மோட்டார்தானே ஏறுச்சு? நீயா ஏறினே?" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மாமாவின் சாதாரண மிதிவண்டியை எடுத்துக்கொள்ள, போட்டி தொடங்கியது. பாலத்தில் திரும்பியதும் நான் பொத்தானை 'மிகுதி'க்கு மாற்றினேன். கியரை இறக்கவும் மறந்தேன். வண்டி சீறிப் பாய்ந்தது. இரண்டாவது வளைவிலேயே அண்ணன் கண்ணுக்குத் தெரியவில்லை. வெற்றி மயக்கத்தில் பேரும் சொல்லவில்லை, வகுப்பும் சொல்லவில்லை.

கொட்டகைக்கு இன்னும் முந்நூறு மீட்டர் இருக்கும்போது கடைசி விளக்கும் சிவந்து அணைந்தது. முதுகைத் தள்ளிய கை சட்டென்று விலகிக்கொண்டது. காலை ஊன்றி நின்றேன். நெஞ்சு பம்பரமாய் அடித்தது. என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், பாதிதான் வந்தது. பாதையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஹேலரை எடுத்து இழுத்துவிட்டு, வண்டியைச் சாய்த்து ஓரமாக உட்கார்ந்தேன். இனி யாராவது வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். வேப்பமரத்தடி நினைவுக்கு வந்தது.

சற்று நேரத்தில் அண்ணன் வியர்வை சொட்ட வந்து சேர்ந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுடைய கேலி எங்கோ போய்விட்டது. "நீ நடந்து போ. ரெண்டு சைக்கிளையும் நான் தள்ளிட்டு வர்றேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் என் பேரை மறுபடி சொல்லிப் பார்த்தேன். முழுதாக வந்தது. வகுப்பும் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பள்ளியும் வந்தது. "நானே வரேன் அண்ணா. நீ பக்கத்துல மட்டும் வா" என்றேன்.

மிக எளிய கியருக்கு மாற்றி மிதித்தேன். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனாலும் வண்டி நகர்ந்தது! முப்பது மிதி, ஒரு நிறுத்தம். மறுபடி முப்பது மிதி, ஒரு நிறுத்தம். அண்ணன் இறங்கி என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தான். முந்நூறு மீட்டருக்கு எத்தனை முறை நின்றேன் என்பது எனக்கே தெரியாது. கொட்டகையை அடைந்தபோது மாமா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் உதடுகளைத்தான் பார்த்தார். பேர், வகுப்பு, பள்ளி மூன்றையும் சொன்னேன். அதன் பிறகே அவர் முகம் தெளிந்தது. போட்டிக்காகத் திட்டும் விழுந்தது. எனக்கும் அண்ணனுக்கும் சம பங்கு.

"பெரிய வண்டியா இருந்தா சார்ஜ் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும்" என்றார் பிறகு. "ஆனா தீர்ந்ததும் இருபத்தஞ்சு கிலோவை நீ மிதிச்சிருக்க முடியாது. உதவி நின்னாலும் இது சைக்கிளாவே இருக்கும். காலையில கேட்டியே, மட்டமான்னு. இப்ப சொல்லு."

வீடு திரும்பியதும் இயற்பியல் ஏட்டில் கணக்குப் போட்டேன். நானும் வண்டியும் கவசங்களும் சேர்ந்து 62 கிலோ. 200 மீட்டர் ஏறத் தேவையான ஆற்றல் 62 × 9.8 × 200, அதாவது 1,21,520 ஜூல். நிறைந்த மின்கலத்தில் இருப்பது 12,96,000 ஜூல். ஒருமுறை ஏற அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்! அப்படியிருந்தும் என் மூன்று விளக்குகள் இரண்டே சுற்றில் ஏன் தீர்ந்தன? சரளையில் உராய்ந்து கொஞ்சம் போயிற்று. தவறான கியரில் மோட்டாரைத் திணற வைத்து வெப்பமாகக் கொஞ்சம் போயிற்று. மீதி என் அகந்தையில் போயிற்று என்று எழுதலாம். ஆனால் அதை ஜூலில் அளக்க முடியாதே!

மாமாவுக்கு நான் கொடுத்த அறிக்கை நான்கே வரிகள். பொத்தான் சிறு கைகளுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. விளக்குகள் வெயிலில் தெரியவில்லை. கடைசி விளக்குக்கு முன் ஓர் ஒலி எச்சரிக்கை வேண்டும். மின்சாரம் தீர்ந்த பிறகும் 43 கிலோப் பெண் ஒருத்தி இதை மேட்டில் மிதிக்க முடிந்தது.

அந்த நான்காவது வரியைப் படித்த அம்மா வெகு நேரம் பேசவில்லை. நான் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மூச்சுத் திணறிய இரவுகளில் தூங்காமல் என் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்த கை அது. மலையில் என் முதுகைத் தள்ளிய அந்தக் காணாத கை எனக்கு அம்மாவின் கையாகவே தோன்றியது. ஆனால் கை விலகிய பிறகும் நான் முந்நூறு மீட்டர் ஏறினேன் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. நான்காவது வரி சொல்லிவிட்டது.

இந்த ஜூனில் அம்மா கடிதம் எழுதவில்லை. மருத்துவரின் குறிப்பை மட்டும் ஆசிரியையிடம் கொடுத்தார்கள். புத்தகப் பையை நானே சுமந்து வருகிறேன். விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்தேன். கடைசியாகத்தான் வந்தேன், பாதி தூரம் நடந்தே வந்தேன். அடுத்த போட்டிக்காரர்கள் கோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். ஆனாலும் முடித்தேன், தோழியரே! வேப்பமரத்தடியில் என் கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அமர்ந்திருந்தார்கள். நான் அருகில் சென்றதும் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "பேரு, வகுப்பு, பள்ளிக்கூடம் சொல்லு பார்ப்போம்!"

ஒரே மூச்சில் சொன்னேன்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு