பள்ளிப்பட்டு ஜாத்திரையும் என் இடுப்புப் பையும்

சென்னை சென்ட்ரலில் இருந்து திருத்தணிக்கு மின்சார ரயில்கள் உண்டு. டிக்கெட்டும் மலிவு. ஆனாலும் நான் காலையில் திருப்பதி போகும் சப்தகிரி எக்ஸ்பிரஸில்தான் ஏறினேன். காரணம் ஒன்றே ஒன்றுதான். மின்சார ரயிலில் கழிவறை கிடையாது.

எனக்குப் பெருங்குடல் கிடையாது!

திடுக்கிட வேண்டாம். ஒன்பது வருடம் அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோயோடு போராடினேன். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே 2007-லும் 2020-லும் பதவி விலகக் காரணமாக இருந்ததும் இதே நோய்தான். பலருக்கு மருந்திலேயே அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. ரத்தம் போய்ப் போய், கடைசியில் முழுப் பெருங்குடலையும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலது பக்கம் ஒரு சிறு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒரு பை. கழிவு தன்பாட்டுக்கு அதில் வந்து சேரும். அடக்கவும் முடியாது, முக்கவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பையைத் திறந்து காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியையே மடித்து உள்ளே ஒரு பை மாதிரி தைத்து, பழைய வழியிலேயே போகவைக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. 1978-ல் லண்டன் மருத்துவர்கள் அறிமுகப்படுத்தியது. என் உடம்புக்கு அது ஒத்துவராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம், வீடு விட்டால் ஆபீஸ், ஆபீஸ் விட்டால் வீடு. அப்போதுதான் பள்ளிப்பட்டில் இருந்து அத்தை போன் செய்தார். "மே மாசம் ஜாத்திரை. இந்த வருஷமும் வரலன்னா, நானே மெட்ராசுக்கு வந்து உன்ன இழுத்துனு வந்துடுவேன்!"

தறிச் சத்தம் கேட்டால் நிம்மதி

திருத்தணி பஸ் நிலையத்தில் முதல் பரீட்சை. ஐந்து ரூபாய் கட்டணக் கழிவறை. உள்ளே தண்ணீர் வரவில்லை, கைப்பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. நல்லவேளை, என் பையில் எப்போதும் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர், டிஷ்யூ பேப்பர், மாற்றுப் பை இரண்டு, கறுப்புக் கவர் நான்கு இருக்கும். கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலையை முடித்தேன்.

பொதட்டூர்பேட்டை வழியாகப் போகும் பஸ். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு, கரும்புக் கொல்லை, தூரத்தில் நகரி மலைகள். சீசனில் இந்தப் பக்கத்துக் கரும்பு திருவாலங்காடு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு டிராக்டர் டிராக்டராகப் போகும். சின்ன வயதில் ஓடும் டிராக்டரின் பின்னால் போய்க் கரும்பு உருவியிருக்கிறேன். இப்போது கரும்பைக் கடிக்கக் கூடாது. சக்கையை விழுங்கிவிட்டால் துளைக்குப் பின்னால் அடைத்துக்கொள்ளும். தேங்காய்ப் பத்தை, காளான், சோளம் எல்லாம் அதே ரகம். சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் கூழாகும்வரை மெல்ல வேண்டும். கரும்புச் சாறு குடிக்கலாம், அதுவும் அளவாக.

பொதட்டூர்பேட்டை நெருங்கும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு லுங்கி நெய்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. பை வைத்திருப்பவர்களுக்கு வயிறு எப்போது வேண்டுமானாலும் சத்தம் போடும். அமைதியான மீட்டிங்கில் 'கொர்' என்று கேட்டு எத்தனையோ முறை கூசிப்போயிருக்கிறேன். தறி ஓடும் தெருவில் யாருக்குக் கேட்கும்?

பிறந்தது ஆந்திரா, வளர்ந்தது மெட்ராஸ்

பள்ளிப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையில் இருக்கும் ஊர். கொஞ்சம் தள்ளினால் ஆந்திராவின் நகரி. டீக்கடையில் தமிழில் ஆரம்பிக்கும் பேச்சு தெலுங்கில் முடியும். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு இந்தப் பகுதியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலம்கிழார் போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1959-ல் பிறந்த என் அத்தை இதைத் தன் பாணியில் சொல்வார்: "நான் பொறக்கும்போது ஆந்திரா. பல்லு மொளைக்கும்போது மெட்ராஸு!"

அத்தையிடம் என் நிலைமையைப் போனில் சொல்லியிருந்தேனே தவிர, பார்க்க விட்டதில்லை. வந்த அன்று ராத்திரி கேட்டேவிட்டார். "கொடலே இல்லாம சோறு எப்படிடி செரிக்கும்?"

"செரிக்கிறதெல்லாம் சின்னக் குடல்லதான் அத்த. பெருங்குடல் ஏரி மாதிரி. வர்ற தண்ணியையும் உப்பையும் தேக்கி உடம்புக்குத் திருப்பி விடுறதுதான் அதோட முக்கியமான வேலை."

உண்மைதான். தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் சிறுகுடலில் இருந்து பெருங்குடலுக்கு வருகிறது. அதில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஏரி இல்லாததால் எனக்கு நீரும் உப்பும் நேராகப் பைக்கு வந்துவிடும்.

அத்தைக்குச் சட்டென்று புரிந்தது. ஏன் என்றால் அவர் ஊரே அப்படித்தான். மேலே ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை. மழைக்காலத்தில் அது நிரம்பித் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து, சுற்றுவட்டாரத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். தண்ணீர் நிற்காமல் பூண்டி ஏரிக்கு ஓடிவிடும். 1944-ல் கட்டிய அந்தப் பூண்டியில் தேக்கித்தான் சென்னைக்குக் குடிநீர் போகிறது. மே மாதத்தில் வந்து பாருங்கள், இதே ஆறு வெறும் மணல்.

"அப்போ நீயும் ஆறு மாதிரி, வெயில் காலத்துல காஞ்சுடுவியா?" என்றார்.

மறுநாளே அது நடந்தது.

ஒரு சொம்பு கூழ்

திருத்தணிப் பக்கத்து வெயில் பற்றிக் கோடைக்கால வானிலைச் செய்தி கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பது டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஊரைப் பார்க்கும் ஆசையில் காலையிலேயே ஆற்றுப் பக்கம் போய், மணலில் நடந்து, கோயில் வேலைகளை வேடிக்கை பார்த்துவிட்டு மதியம் திரும்பினேன். தாகத்துக்கு வழியெல்லாம் தண்ணீர்தான் குடித்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. எழுந்தால் கண் இருட்டியது. சிறுநீர் காபி நிறத்தில் போனது.

செய்த தப்பு எனக்கே தெரியும். எங்களைப் போன்றவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போன உப்பு ஈடாகாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைச் சென்னை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அத்தை பதறவில்லை. ஜாத்திரைக்குக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோரும் கல் உப்பும் போட்டு, துணியில் வடிகட்டி ஒரு சொம்பு கொடுத்தார். கடித்துக்கொள்ள நீட்டிய சின்ன வெங்காயத்தை மட்டும் வேண்டாம் என்றேன், பையில் வாடை வரும். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் மெடிக்கல் ஷாப்பில் இருந்து ஓ.ஆர்.எஸ். வாங்கி வந்தான். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, மடக்கு மடக்காகக் குடித்தேன். சாயங்காலத்துக்குள் கால் வலி விட்டது. விடாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றியிருக்க வேண்டும். அதில் வீரம் காட்டக் கூடாது.

இந்த உப்பு, சர்க்கரைக் கரைசலின் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பையும் குளுகோஸையும் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, உறவினர்களையே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை இருந்தால் சிறுகுடல் உப்பையும் கூடவே உள்ளே இழுத்துக்கொள்ளும், உப்பின் பின்னால் தண்ணீரும் போகும், இதுதான் சூட்சுமம். மறைவுக்குப் பிறகு 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பாக்கெட் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். டப்பாவில் வரும் பழரச பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டிருக்கிறது.

பின்தெரு அக்கா

நான் பையை மாற்றியதை அன்று அத்தை கூடவே இருந்து பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "பின்தெருவுல ஒருத்தி இருக்கா. அவளுக்கும் பெருங்குடலை எடுத்துட்டாங்களாம். ரெண்டு வருஷமா தறிக்கும் போறதில்ல, கோயிலுக்கும் வர்றதில்ல. வாடை வருதுன்னு யாரோ சொன்னாங்களாம். நீ வந்து ஒரு வார்த்தை பேசுறியா?"

போனோம். ஐம்பது வயது இருக்கும். கதவைப் பாதிதான் திறந்தார். நான் தயங்காமல் புடவையை விலக்கி என் பையைக் காட்டினேன். "அக்கா, எனக்கும் இருக்கு." முழுதாகத் திறந்துவிட்டார்.

அவர் வயிற்றைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. துளையைச் சுற்றித் தோல் வெந்துபோய்ச் சிவந்திருந்தது. சிறுகுடல் கழிவில் செரிமான நீர் இருப்பதால் தோலில் பட்டால் அரித்துவிடும். எரிச்சல் தாங்காமல் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். எண்ணெய்ப் பசையில் பை ஒட்டவில்லை. வாங்கிய பைகள் வீணானதும் பிளாஸ்டிக் கவரை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "சொன்னாங்கம்மா. அப்போ எனக்கு எதுவும் காதுல ஏறல."

அது எனக்கும் நடந்ததுதான். ஆகவே நிதானமாகச் சொன்னேன். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய், பவுடர், வாசனை சோப்பு கூடாது. பையின் அட்டையில் வெட்டும் ஓட்டை, துளையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம். ஒட்டிய பிறகு உள்ளங்கையால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் சூட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். சரியாக ஒட்டிய பையில் வாடை வெளியே வராது. புண் ஆறாவிட்டால், பை பராமரிப்பு தெரிந்த நர்ஸ் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

ஒட்டும்போது அவருக்கு ஒரு கதை சொன்னேன். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்று ஒரு நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்குக் குடல் அறுவை சிகிச்சை. கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தங்கை வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்காக அக்கா யோசித்ததுதான் 1954-ல் தோலில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பை. "ஒரு தங்கச்சி தெருவுக்கு வரணும்னுதான் இதையே கண்டுபிடிச்சிருக்காங்க அக்கா."

அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சத்தம் வருமே?" என்றார்.

"வரும். தறி ஓடினா கேக்குமா?"

முதல்முறையாகச் சிரித்தார். என்னிடம் இருந்த இரண்டு மாற்றுப் பைகளில் ஒன்று அவர் வயிற்றில். இன்னொன்றையும் அவரிடமே கொடுத்தேன். எனக்கு ஊர் போய்ச் சேரும்வரை ஒட்டியிருப்பது தாங்கும் என்று ஒரு நம்பிக்கைதான். ஒரு பையின் விலை அவருக்கு ஒரு நாள் கூலியில் பெரும் பங்கு. கிழிந்து வீணாகாமல் மூன்று நான்கு நாள் ஒட்டியிருந்தாலே அந்தச் செலவு பாதியாகும்.

அன்று ராத்திரி பம்பை சத்தத்தோடு அம்மன் கரகம் தெருவுக்கு வந்தது. நான் கூட்டத்தில் அவரைத் தேடினேன். காணவில்லை. கரகம் பின்தெரு முனை திரும்பும்போது அத்தை என் கையைக் கிள்ளினார். மின்கம்பத்தின் ஓரத்தில், கையில் தேங்காய் பழத் தட்டோடு நின்றிருந்தார். கூட்டத்தைவிட்டு நாலடி தள்ளித்தான். ஆனால் தெருவில்.

மறுநாள் கிளம்பும்போது அத்தை என் கைப்பையில் ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீராகாரம் வைத்தார். "அடுத்த வருஷம் வரும்போது அந்தப் பை நாலு கூடுதலா எடுத்துனு வா" என்றார்.

பத்து எடுத்து வைத்திருக்கிறேன்.