நானா விற்காத கணனி

உங்கள் வீட்டு அலுமாரியின் மூலையிலும் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருக்கும். அதைப் பழைய சாமான் வியாபாரியிடம் தூக்கிக் கொடுக்கும் முன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் நானா கணனி திருத்துபவராக இருந்தார். அவர் வபாத்தான பின் அவருடைய பேணி என்னிடம் வந்தது. உள்ளே, தாளில் சுற்றிய சிறு சாம்பல் நிறச் சதுரம். அடியில் பொன்னிற ஊசிகள். "தங்கப் பூச்சு ராத்தா, நிறுத்து எடுக்கிறேன்" என்றார் வியாபாரி. எனக்கு மனம் வரவில்லை.

மகனும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். கத்தியால் சுரண்டவில்லை, ஸ்பிரிட்டும் போடவில்லை, எழுத்து அழிந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் வாசித்தோம். இன்டெல், 80386, கடைசியில் 16. அந்த 16 அதன் வேகம், அதாவது 16 மெகாஹேர்ட்ஸ். ஊசிகளைத் தையலூசி முனையால் எண்ணினேன்: 132. பெயரும் ஊசிக் கணக்கும் பொருந்தின. கணனியின் மூளையான புரொசெசர்தான் அது.

"அவ்வளவுதானே உம்மா" என்று மகன் எழுந்தான். அழுக்கின் கீழ் இன்னொரு வரி இருந்தது. 16 பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

அதன் கதை இதுதான். இந்த 32 பிட் புரொசெசர் 1985இல் வெளிவந்தது. சில சிப்கள் 32 பிட் எண்களைப் பெருக்கும்போது சில வேளைகளில் பிழையான விடை தருவது 1987இல் தெரியவந்தது. இன்டெல் அவற்றைச் சோதித்து, தேறியவற்றில் இரட்டை சிக்மா என்ற கிரேக்க எழுத்தையும், தேறாதவற்றில் இந்த எச்சரிக்கையையும் பொறித்தது. அன்று புழக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் 16 பிட் மென்பொருள்களே. ஆகவே குறையுள்ளதும் வேலை செய்தது. பழைய சிப் சேர்ப்பவர்கள் தேடுபவற்றில் இந்தக் குறை எழுதப்பட்டதும் ஒன்று.

எனக்கோ வேறொன்று நினைவுக்கு வந்தது. 1995இல் என் நகை அடகில் இருந்தது. நானாவின் பழைய கணனியைக் கடைக் கணக்குக்கென்று ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். நானா மறுத்துவிட்டார். காரணமும் சொல்லவில்லை. தங்கச்சியின் கஷ்டம் தெரியாத மனிதர் என்று பல நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சிப்பைச் சுற்றியிருந்த தாளை இப்போதுதான் விரித்தேன். நானாவின் கையெழுத்து: "கணக்கு பிழைக்கும். யாருக்கும் விற்கக்கூடாது."

குறையைச் சொன்னால் அந்த மனிதர் வாங்கமாட்டார். மறைத்து விற்க நானாவுக்கு மனம் இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால், "பரவாயில்லை, வில்லுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சகோதரிகளே, பழைய பொருளோ, நம்மோடு வாழும் மனிதரோ, முதல் வரியோடு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் கடைசி வரியை வாசித்தபோது, மன்னிப்புக் கேட்க நானா இருக்கவில்லை.