பஞ்சமியின் பள்ளிக்கூடம்

திருவனந்தபுரத்துக்குப் புறத்தே, காட்டாக்கடைக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலத்தில் ஓர் அரசாங்க யு.பி. பள்ளி இருக்கிறது. திவான்களின் பெயரையும் தனவந்தர்களின் பெயரையும் தாங்கிய பள்ளிகள் மலிந்த தேசத்தில், அப்பள்ளி 2022 முதல், ஒரு காலத்தில் தன் வாசலிலேயே தடுக்கப்பட்ட பஞ்சமி என்ற புலையச் சிறுமியின் பெயரையும், அவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற புலையர் தலைவர் அய்யன்காளியின் பெயரையும் சேர்த்துச் சூடியிருக்கிறது.

புலையர் குழந்தைகளைப் பள்ளிகளில் சேர்க்கத் திருவிதாங்கூர் சர்க்கார் 1907இலேயே உத்தரவிட்டும், உத்தியோகஸ்தர்கள் அதை வெளியே வரவிடாமல் வைத்திருந்து, அது பகிரங்கமானபின் பஞ்சமி உள்ளே காலடி வைத்தபோது, மேல்ஜாதியார் பள்ளியையே கொளுத்தினார்கள். அன்று பாதி கருகியதென்று சொல்லப்படும் பெஞ்சு ஒன்றை இன்னும் பாதுகாத்து வருகிறார்கள். பள்ளிக் கதவை அடைத்ததற்கு அய்யன்காளி செய்த பிரதிக்கிரியை விசேஷமானது: குழந்தைகளுக்குப் பாடம் இல்லையேல் வயலில் வேலையும் இல்லை என்று அவர் ஜனங்கள் ஒதுங்கிக்கொள்ள, நாற்றைத் தொட்டறியாத நிலவுடைமையாளர் கரங்கள் சேற்றில் இறங்கிப் பார்த்துத் தோற்றன. எழுத்தறியாத ஒருவர் எழுத்துக்காக நடத்திய அவ்வேலைநிறுத்தத்துக்கு ஈடாக, நம் பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் எதைச் சாதித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதே ராஜ்யத்தில்தான் எங்கள் தேயிலை மலையான தேவிகுளமும் இருந்தது. பூஞ்சாறு ராஜாவிடம் மன்றோ துரை 1877இல் குத்தகைக்குப் பெற்ற இம்மலைகளுக்குக் கங்காணிமார் அழைத்துவந்த திருநெல்வேலி, இராமநாதபுரச் சீமைக் குடும்பங்களுள் பெரும்பாலானவை தாழ்த்தப்பட்டோரே. இங்கே பெஞ்சைக் கொளுத்த யாரும் வர வேண்டியிருக்கவில்லை. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு உட்கார மறுக்க வேறு பிள்ளைகள் அங்கே இல்லை. எஸ்டேட் பள்ளியின் கீழ்வகுப்புகள் முடிந்ததும், மேற்படிப்புக்கு மைல்கணக்கில் மலையிறங்க வேண்டியிருந்த குழந்தையின் முதுகில் கொழுந்துக் கூடை ஏறிவிடும். தீயில்லாத இவ்விலக்கம் சரித்திரத்தில் இடம்பெறவில்லை.

1937இல் அய்யன்காளியின் ஊரான வெங்ஙானூருக்கு வந்த காந்தியடிகளிடம், தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டுவிட்டுச் சாக வேண்டும் என்றாராம் அவர். எங்கள் லயங்களில் இன்று பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் பலர், ஜாதிச் சான்றிதழுக்காக, பாட்டனார் 1950க்கு முன்னரே இம்மலைக்கு வந்துவிட்டார் என்று நிரூபிக்கும் காகிதத்தைத் தேடித் தாலுகா ஆபீசுக்கும் எஸ்டேட் ஆபீசுக்குமாக அலைகிறார்கள். தேயிலையின் கணக்கை ராத்தல் பிசகாமல் எழுதிவைத்த கம்பெனிகளின் ஏடுகளில், பறித்தவன் வந்த வருஷம் அகப்படுவதுதான் அரிதாயிருக்கிறது.