பிடித்தம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

திருப்பூரை டாலர் நகரம் என்பார்கள். அந்த டாலர், தைப்பவர் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமைச் சம்பளமாகச் சுருங்கிவிடுகிறது. அதிலும் ஒரு பகுதி கைக்கு வராமலே போகிறது. அதன் பெயர் பிடித்தம். இச்சொல்லுக்கு விருப்பம் என்றும் பொருள் உண்டு. ஆனால் பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தத்தை விரும்பியவர் எவரையும் எங்கள் தெருவில் நான் கண்டதில்லை.

என் அம்மா பனியன் கம்பெனிகளில் முதலில் கைமடியாகவும் பின்னர் செக்கிங்கிலும் வேலை செய்து என்னைப் படிக்க வைக்கிறார். "புடிச்சதெல்லாம் போனதுதான் கண்ணு" என்பது அவர் முடிவு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்தக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கணக்கு எளியதுதான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். பி.எப்.புக்காகத் தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். அவர் பங்கில் 833 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. 367 ரூபாய் தொழிலாளியின் கணக்கில் சேர்கிறது. ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி தருவது 75 ரூபாய். முதலாளி தர வேண்டியது 325 ரூபாய். ஆக, 1,275 ரூபாய் போகிறதே என்று வருந்தும் நாம், அதனுடன் 1,525 ரூபாய் வந்து சேர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் ஆகியவை ஈ.எஸ்.ஐ. தரும் உரிமைகள்.

ஆனால் ஏட்டில் இருப்பது வீட்டுக்கு வருகிறதா? அம்மாவின் பாஸ்புக்கைப் பார்த்தேன். ஒரு கம்பெனியில் ஏழு மாதம் பிடித்த பணம் அதில் ஏறவே இல்லை. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி என்கிறது சட்டம். கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வரிகூட இல்லை. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனியே பொறுப்பு என்பதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். முதல் கம்பெனியில் ஐந்தாண்டு வேலை செய்து விலகியபோது, என் பள்ளிக் கட்டணத்துக்காக அம்மா ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டார். அத்தோடு அந்த ஐந்தாண்டும் அழிந்தது. 10-சி என்னும் படிவம் கொடுத்துத் திட்டச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அவை காப்பாற்றப்பட்டிருக்கும். இப்போது கணக்கில் நிற்பவை ஆறே ஆண்டுகள். இதைச் சொன்னபோது அம்மா அழவில்லை. "இன்னும் நாலு வருசத்துக்கு என்ற கண்ணு தெரியணுமே" என்றார். செக்கிங் வேலைக்குக் கண்தானே மூலதனம்!

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-இலும், வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இலும் வந்தன. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டங்கள் புதிதாகலாம். படித்துச் சொல்ல ஆளில்லாத வீட்டில் அவை ஊமைச் சட்டங்களே.

விட்டுப்போன ஏழு மாதத்துக்காக மனு எழுதினேன். அம்மா கையெழுத்திட்டார். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

நண்பர்களே! நம்மில் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளரின் பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பாஸ்புக்கை ஒருமுறை பாருங்கள். மாதந்தோறும் இரு பங்கும் ஏறியிருக்கின்றனவா? பழைய கம்பெனியின் கணக்கு புதியதற்கு மாற்றப்பட்டுள்ளதா? இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பட்டம் வாங்க இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதுவரை காத்திராமல், நாம் கற்ற கணக்கும் ஆங்கிலமும் முதலில் நம்மைப் படிக்க வைத்தவர்களுக்குப் பயன்படட்டும்.