பிரஷருக்கு முன்னால் நடப்பது

மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கால் வீங்கினால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வாயும் வயிறுமா இருந்தா வீங்கத்தான் செய்யும், காலை நீட்டிப் படு" என்பார் பாட்டி. பெரும்பாலும் பாட்டி சொல்வது சரிதான். ஆனால் திடீரென்று முகமும் கையும் வீங்கி, மோதிரம் இறுகி, தலைவலி மண்டையைப் பிளக்கும்போதும் இதே பதில்தான் வருகிறது. வம்பே அங்கேதான்.

அது ப்ரீ எக்லாம்ப்சியாவாக இருக்கலாம். 20-வது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொடும். பெரும்பாலும் சிறுநீரில் புரோட்டீனும் போகும். ஆனால் விஷயம் ஆரம்பிப்பது அதற்கு வெகுமுன்பு, கருப்பையின் சுவரில்.

அங்கே சுருள் சுருளாகச் சின்ன ரத்தக்குழாய்கள் உண்டு. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் இவற்றுக்குள் புகுந்து, சுவரில் உள்ள தசையை அழித்து, வாயை அகலமாக்கும். அப்புறம் ரத்தம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி நிதானமாக வந்து சேரும். மாசம் நிறையும்போது கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது என்றால் பாருங்கள்! இந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால்? குழந்தை வளர வளர டிமாண்ட் ஏறும், சப்ளை ஏறாது. போதாததற்கு, குறுகிய வாய் வழியே ரத்தம் பீய்ச்சி அடித்து நஞ்சுக்கொடியையே புண்ணாக்கும். சீக்கிரமே தலைகாட்டும் வகையில் இப்படித்தான் அதிகம் நடக்கிறது.

சரி, நஞ்சுக்கொடி அடிபட்டால் தாய்க்கு ஏன் பிரஷர்? இதற்கு முக்கியமான விடை 2003-ல் பாஸ்டனிலிருந்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமஞ்சியும் அவருடைய குழுவும் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரோட்டீனைக் கைகாட்டினார்கள். நாக்கு சுளுக்கும் பெயர்தான், என்ன செய்ய! அடிபட்ட நஞ்சுக்கொடி இதைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவரைப் பராமரிக்கும் வளர்ச்சிக் காரணிகளை இது பிடித்து முடக்கிவிடுகிறது. உடனே குழாய்கள் இறுகுகின்றன, சிறுநீரகத்தின் வடிகட்டி ஒழுகுகிறது. கல்லீரலும் மூளையும்கூடத் தப்புவதில்லை. எலிகளின் உடலில் இந்தப் புரோட்டீனை அதிகமாக்கியதும் பிரஷர் ஏறியது. கர்ப்பமே இல்லாத எலிகளுக்கும்!

2004-ல் வந்த அடுத்த ஆய்வு, நோய் வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய 5 வாரம் முன்பே இது ரத்தத்தில் ஏறத் தொடங்குவதைக் காட்டியது. அதாவது பிரஷர் மெஷின் சொல்வது பழைய செய்தி.

நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் இது தீரும். வலிப்பு வரும் ஆபத்தை மெக்னீசியம் சல்பேட் பாதியாகக் குறைப்பதை 33 நாடுகளில் நடந்த ஆய்வு 2002-ல் நிரூபித்தது. ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு டாக்டர்கள் ஆரம்பத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தருகிறார்கள்.

பிரசவம் ஆனதும் எல்லாம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்களுக்கு வலிப்பு வரலாம். அப்போதைய தலைவலிக்கும் வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "பச்சப்புள்ள தூங்க விடலை, அதான்."